அ.சா. 2

அந்தப் பையன் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தான். முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. கீழே இருந்து யார் ஏறினாலும் அவனுக்குத் தெரியும், மேலே இருந்து யார் இறங்கினாலும் தெரியும். அந்த இடத்தை அவனேதான் தேர்ந்தெடுத்தான்.

அவனைப் போன்றவர்களுக்கென்று அதே மாடியில் ஓர் அறை இருந்தது. கதவில் யானையும் கிளியும் வரைந்திருந்தார்கள். உள்ளே சின்ன நாற்காலிகள், பொம்மைகள், ஓடுகிற மின்விசிறி. சாட்சி சொல்ல வரும் குழந்தைகள் கூட்டத்துக்கு நடுவே நிற்கக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக மாவட்டந்தோறும் இப்படியொரு பாதுகாப்பான இடம் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்த அறையை யாரோ அக்கறையோடுதான் செய்திருக்கிறார்கள். காலையில் பையன் அதன் வாசல் வரை போனான். எட்டிப் பார்த்தான். கதவின் தாழ்ப்பாளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். திரும்பி வந்துவிட்டான்.

"உள்ள போய் உக்காரு தம்பி, பொம்மையெல்லாம் இருக்கு பாரு" என்றார் சுடிதாரில் வந்திருந்த பெண் காவலர். அன்பாகத்தான் சொன்னார்.

கூட வந்திருந்த இன்னொரு பெண், தோளில் துணிப்பை மாட்டியவர், காவலரைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். பையனிடம், "எங்க உக்காரணும்னு நீ சொல்லு. நானும் அங்கயே வர்றேன்" என்றார்.

அவன் படியைக் காட்டினான். அவர் அவனுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் நெருங்கி உட்காரவில்லை, தோளில் கை போடவில்லை. ஒரே ஒரு கதவுள்ள அறை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றல்ல என்பது தெரிந்தவர் போலிருந்தது.

எதிரே நகல் பிரிவுக்கு வெளியே கிடந்த பெஞ்சில் நான் இருந்தேன். ஓர் ஆவணத்துக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் அதே வராந்தாவின் கோடியில் இருந்தது. பையனுக்கு என்ன நடந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. அவன் வயது, ஊர், வீட்டு விவரம் எதையும் இங்கே உள்ளபடி எழுதவில்லை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதை எழுதக் கூடாது.

பத்தரை மணிக்கு வராந்தா நிறைந்துவிட்டது. கட்டுகளைச் சுமந்துகொண்டு குமாஸ்தாக்கள், கறுப்பு அங்கியை இழுத்து விட்டுக்கொண்டு வக்கீல்கள். டவாலி வாசலில் நின்று பெயர் கூப்பிட்டார். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் பையனின் தோள் மேலே ஏறி இறங்கியது. அவன் பெயரைக் கூப்பிட மாட்டார்கள், நம்பரைச் சொல்வார்கள் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தார். அவன் அரசுத் தரப்பின் இரண்டாவது சாட்சி. காகிதத்தில் அ.சா. 2.

தண்ணீர் பாட்டிலின் மூடியைப் படியில் சுற்றிவிட்டு, அது எத்தனை சுற்றுக்குப் பிறகு விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஒருமுறை அது உருண்டு போய் ஒரு வக்கீலின் காலணியில் முட்டியது. வாய்விட்டுச் சிரித்தான். என் பக்கத்தில் இருந்த குமாஸ்தா ஒருவர், "இந்தப் பையனா? பாத்தா ஒண்ணும் ஆன மாதிரியே தெரியலியே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

இந்தப் பேச்சு குழந்தைகளுக்குச் செய்கிற கெடுதல் பெரிது. காயம்பட்ட குழந்தை சதா அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். சிரித்தால் சந்தேகப்படுகிறோம். குழந்தை விளையாடத்தான் செய்யும். காயம் வேறு இடங்களில் இருக்கும்: வகுப்பில் மேசையைப் படீரென்று தட்டினால் பெஞ்சுக்கு அடியில் போகிற உடம்பில், காரணமில்லாமல் வருகிற வயிற்றுவலியில், தங்கையின் கையைத் திருகிவிட்டுத் தானே மிரண்டுபோய் நிற்கிற நிமிடத்தில்.

ஆண்பிள்ளை என்றால் சந்தேகம் இரட்டிப்பாகிறது. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் பையன்கள். அந்த அறிக்கை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், பையனைப் பற்றி வீட்டில் பேசும்போது நம் குரல் இன்னும் தயங்குகிறது. "ஆம்பளப் புள்ள" என்று தொடங்குகிற வாக்கியம் ஒன்றுகூட அவனுக்கு உதவியாக முடிவதில்லை.

அம்மா ஜன்னலோரம் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் பிறந்த சான்றிதழ், ஆதார் ஜெராக்ஸ், மருத்துவமனைச் சீட்டு. அடிக்கடி திறந்து எண்ணிப் பார்த்து மூடினார். துணிப்பைக்காரப் பெண் எழுந்து அவரிடம் போனபோது பேச்சு என் காதில் விழுந்தது. அம்மாவின் குரல் தாழவே இல்லை. களைப்பில் இருப்பவர்களுக்குக் குரலைத் தாழ்த்தவும் தெம்பு இருப்பதில்லை.

"லைட்ட அணைக்க உடமாட்டேங்கறான் மேடம். பாயில திரும்ப ஒண்ணுக்குப் போறான். எங்க மாமியா, மறந்துடு கண்ணு, மறந்துடு கண்ணுங்கறாங்க. அவரு என்னடான்னா, ஏன்டா அப்பவே சொல்லலன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நான்தான மேடம் அனுப்புனேன் அங்க. நான்தான அனுப்புனேன்."

"அவன் உங்ககிட்ட வந்து சொன்னப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யறது. கட்டிப் புடிச்சுக்கிட்டேன்."

"நம்புனீங்க இல்ல?"

"என் புள்ள பொய் சொல்லுவானா?"

"அதான் வேணும். அதுலதான் பாதி இருக்கு."

அது ஆறுதலுக்காகச் சொன்ன சொல் அல்ல. குழந்தை முதன்முதலில் வாய் திறக்கும்போது எதிரே இருப்பவர் நம்பினாரா, அதட்டினாரா என்பது பின்னால் அந்தக் குழந்தை தேறி வருவதை வெகுவாகத் தீர்மானிக்கிறது என்று குழந்தை மனநலத் துறையில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு இதை யாரும் இதுவரை சொன்னதாகத் தெரியவில்லை. அவர் முகத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டார். துணிப்பைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். காலையிலிருந்து அவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.

அப்பா மேலே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிந்தார். டீக்கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில், வண்டியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு சிகரெட் முடிய இன்னொன்று. துணிப்பைக்காரர் கீழே இறங்கிப் போனார். இரண்டு டீ வாங்கினார். ஒன்றை அவரிடம் நீட்டினார். வெகுநேரம் அப்பாதான் பேசினார், கையை வீசி வீசி. பிறகு கை வீசுவது நின்றது. ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி பையனின் காதில் எப்படி விழும், நீதான் தப்புச் செய்தாய் என்றுதானே விழும் என்பதை அவர் எப்படி விளக்கினாரோ தெரியாது. பெற்றவனுக்கும் இது அடிதான். அவன் அடியை எங்கே இறக்கிவைப்பது என்று யாரும் காட்டாவிட்டால், வீட்டில் இருக்கிற சின்ன உடம்பின் மேல்தான் இறங்கும்.

அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் ஆதரவு நபர் என்று பெயர். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் நலக் குழு ஒருவரை நியமித்து, விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரை அவர் குழந்தையோடும் குடும்பத்தோடும் இருக்கலாம் என்கின்றன அதன் விதிகள். இந்த ஏற்பாட்டைப் பெற்றோரின் விருப்பத்துக்கே விட்டுவிடக் கூடாது, இப்படியொரு துணை உண்டு என்பதை அவர்களுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்ன பிறகும், அந்தக் காலை அதே வராந்தாவில் துப்பட்டாவால் தலையை மூடியபடி ஒரு சிறுமி தன் பாட்டியோடு மட்டும் உட்கார்ந்திருந்தாள். பாட்டிக்கு எந்தக் கதவு என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு பேரிடம் விசாரித்தார். அந்தச் சிறுமிக்கும் ஒருவர் வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும். சென்னையில் 2004 முதல் இயங்கும் 'துளிர்' போன்ற ஒரு சில அமைப்புகள் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகின்றன. மாவட்டங்களில் ஆள் போதவில்லை என்பதற்கு அந்தப் பாட்டியே சாட்சி.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை மேலே வந்து பையனோடு அவர் பேசியதில் கேட்டேன். புத்தகத்தில் படித்திருந்தால் இவ்வளவு விளங்கியிருக்காது.

"போன வாரம் காலி கோர்ட்ட பாத்தோமே, ஞாபகம் இருக்கா? ஜட்ஜம்மா எங்க?"

"ஒசரத்துல."

"டைப் அடிக்கற அண்ணா?"

"அவங்களுக்குக் கீழ."

"நான்?"

"என் நாற்காலிக்குப் பக்கத்துல."

"தெரியாததுக்கு என்ன சொல்லுவ?"

"தெரியாது."

"மறந்துபோயிருந்தா?"

"ஞாபகம் இல்ல."

"கேக்கறது புரியலன்னா?"

"புரியல, திரும்ப சொல்லுங்க."

"தண்ணி வேணும்னு சொன்னா?"

"வெளிய வந்துடலாம்."

என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்று ஒரு சொல்கூட அவர் சொல்லிக்கொடுக்கவில்லை; சொல்லிக்கொடுக்கவும் கூடாது. இன்றே முடிந்துவிடும் என்று சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. அடுத்து என்ன வரும் என்பதை மட்டும் சொன்னார். முன்னறிவிப்பில்லாமல் ஏதோ ஒன்று தன் மேல் வந்து விழுந்த குழந்தைக்கு, அடுத்து வரப்போவது தெரிந்திருப்பதே பெரிய பிடிமானம். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்பது அதைவிடப் பெரியது. அன்றைக்கு அவன் சொல்லியும் நிறுத்தாத ஒருவர் இருந்திருக்கிறார் அல்லவா?

பன்னிரண்டு மணிவாக்கில் பையனின் கையிலிருந்த பாட்டில் மூடி நின்றுவிட்டது. கீழிருந்து இரண்டு வக்கீல்களோடு ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பார்த்தால் யாருடைய மாமா என்றும் சொல்லக்கூடிய முகம். போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. குழந்தை சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தின் 36ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளே அதற்காகப் பச்சைத் துணித் திரை கட்டியிருந்தார்கள். மாடிப்படி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பையன் அழவில்லை, எழுந்து ஓடவில்லை. கொட்டாவி விட்டான். இன்னொரு கொட்டாவி. கண்கள் திறந்திருந்தன, பார்வை எங்கேயும் இல்லை. தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது. பார்ப்பவர்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்றுதான் தோன்றும். அடிக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் போன சின்ன உடம்பு தெரிந்துகொள்கிற மூன்றாவது வழி இது: உடம்பை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே எங்கோ போய்விடுவது.

துணிப்பைக்காரர் எழுந்து, ஏறி வந்தவருக்கும் பையனுக்கும் நடுவே நின்றார். பயப்படாதே என்று சொல்லவில்லை. பெண் காவலர் வேகமாக வந்து அந்த மூவரையும் வராந்தாவின் மறுபக்கம் திருப்பிவிட்டார்.

"செருப்பக் கழட்டு" என்றார் துணிப்பைக்காரர், சாதாரணக் குரலில். "காலத் தரையில வை. ஜில்லுன்னு இருக்கா?"

பதில் இல்லை.

"எனக்கு ஜில்லுன்னு இருக்கு. அந்த ஜன்னல்ல எத்தன கம்பி இருக்கு, எண்ணிச் சொல்லேன். எனக்குக் கண்ணாடி போட்டாலும் சரியாத் தெரியல."

கொஞ்ச நேரம் கழித்து பையனின் உதடு அசைந்தது. "ஏழு."

"ஏழா? எட்டு இல்ல?"

"ஒண்ணு ஒடஞ்சிருக்கு."

அவன் திரும்பி வந்துவிட்டான். இதையெல்லாம் அம்மா நாற்காலியிலிருந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றிரவு அவன் அலறி எழுந்தால் அவருக்கு இது கைகொடுக்கும். இந்தப் பெண் இரவில் அங்கே இருக்க மாட்டார். வீட்டில் இருப்பவர்களின் கையில் இதைச் சேர்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி என்று எனக்குத் தோன்றியது.

இப்படிப்பட்ட காயம் பின்னாளில் என்ன செய்யும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சை நடத்திய ஃபெலிட்டி என்ற மருத்துவர், எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவதைக் கவனித்து, அவர்களின் பால்யத்தை விசாரிக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆண்டா என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் செய்து, 1998இல் முதல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு. சுமார் 17,000 பேரிடம் கேட்டார்கள். சிறுவயதில் பட்ட கொடுமைகளின் வகைகள் கூடக் கூட, நடுவயதில் குடி, புகை, மனச்சோர்வு, இதயநோய் எல்லாம் கூடியிருந்தன. இதைப் படித்துவிட்டு, அடிபட்ட குழந்தையின் தலையெழுத்து முடிந்துவிட்டது என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் படிப்பது தவறு, கொடுமையும்கூட. அந்த எண்கள் கூட்டத்தைப் பற்றியவை. படியில் உட்கார்ந்து கம்பி எண்ணுகிற ஒருவனைப் பற்றியவை அல்ல. நிலையான ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் குழந்தையின் உடம்பு மறுபடி அமைதியாக இருக்கக் கற்றுக்கொள்கிறது என்பதும் அதே அளவுக்கு உறுதியான செய்திதான். அதை நாம் குறைவாகவே பேசுகிறோம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கூப்பிடவில்லை. பையன் தயிர்சாதத்தை நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவைத்தான். இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்று மனம் கணக்குப் போட்டது. அம்மாவிடம், பிறகு அப்பாவிடம். காவல்துறை அதிகாரியிடம், அவர் சீருடையில் வரக் கூடாது, குழந்தை இருக்கும் இடத்துக்கே வர வேண்டும் என்பது விதி. மருத்துவரிடம். மாஜிஸ்திரேட்டிடம். குழந்தைகள் நலக் குழுவிடம். அரசு வக்கீலிடம். இனி நீதிபதியிடம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இங்கே அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பருகே உட்காரவைத்து, எங்கே சுட்டது, எப்படிச் சுட்டது, அன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிறோம். நீதிக்கு இது வேண்டியிருக்கிறது, எனக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு. குழந்தை இதற்காக என்ன விலை கொடுக்கிறது என்பதை அந்தக் கட்டிடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிமிடமும் நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டரைக்கு மேல் டவாலி வந்து நம்பரைக் கூப்பிட்டார். இந்தமுறை சத்தமாக இல்லை. அருகே வந்து சொன்னார். யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நீதிமன்றத்துக்குள் இருந்த மற்ற வக்கீல்களும் கட்சிக்காரர்களும் வெளியே வந்தார்கள். பையனும் துணிப்பைக்காரரும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை நான் எழுத முடியாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைத்தான் எழுதலாம். வக்கீல்கள் குழந்தையை நேரடியாகக் கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் தர வேண்டும், அவர்தான் குழந்தையிடம் கேட்பார். அதட்டக் கூடாது, நடத்தையைக் குறை சொல்லக் கூடாது. நடுநடுவே இடைவேளை விட வேண்டும். திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. எல்லாம் 33ஆம் பிரிவில் இருக்கிறது. அதோடு, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 35ஆம் பிரிவு. அம்மாவின் கோப்பில் இருந்த மருத்துவச் சீட்டு பழுப்பேறியிருந்தது.

சட்டத்தில் எழுத முடியாத ஒன்று, பயத்தில் பதிந்த நினைவின் போக்கு. அறையின் வாசனை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் படம், வெளியே ஓடிய டி.வி.யின் சத்தம் துல்லியமாக நிற்கும். தேதி நிற்காது. எது முன், எது பின் என்ற வரிசை கலையும். போலீஸில் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் கிழமை மாறினால் குறுக்கு விசாரணையில் அதுவே ஆயுதமாகிறது. ஒரே மாதிரி ஒப்பித்தால், சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறார்கள். குழந்தை எப்படிச் சொன்னால்தான் நம்புவோம்?

வேப்பமரத்தடியில் இருந்தவர் எப்போது மேலே வந்தார் என்று கவனிக்கவில்லை. மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கதவு ஒருமுறை திறந்தது. பையன் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அப்பாவைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனான். தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். விட்டிருக்கிறார்கள்.

நாலு மணி நெருக்கத்தில் வெளியே வந்தார்கள். முதல் விசாரணை முடிந்தது. எதிர்த்தரப்பு சீனியருக்கு வேறு கோர்ட்டில் வேலையாம், குறுக்கு விசாரணைக்கு வாய்தா கேட்டு வாங்கிவிட்டார்கள்.

"அப்ப திரும்ப வரணுமா அக்கா?"

"வரணும்."

"திரும்ப எல்லாம் சொல்லணுமா?"

"இன்னிக்குச் சொன்ன மாதிரி முழுசா இல்ல. அந்த வக்கீல் எழுதிக் குடுப்பாரு, ஜட்ஜம்மா கேப்பாங்க. நீ தெரிஞ்சத சொல்லுவ."

அவன் முகம் சுருங்கியது. அவர் அதை மாற்ற முயலவில்லை. "கோவமா இருக்கா? எனக்கும் இருக்கு" என்றார். அப்பா குனிந்து பையனின் செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

துணிப்பைக்காரர் அம்மாவின் கோப்பில் ஒரு படிவத்தைச் சேர்த்தார். இன்றைக்குக் கூலி போனதற்கும் பஸ் செலவுக்கும் அவசர நிவாரணம் கேட்கும் காகிதம். குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. பிறகு வாய்தா சீட்டைப் பார்த்தார். தேதியைப் பார்த்துவிட்டு, அரையாண்டுப் பரீட்சை அட்டவணையை அம்மாவிடம் கேட்டார். கணக்குப் பரீட்சை அன்று. விறுவிறுவென்று அரசு வக்கீலைத் தேடிப் போனார். தேதியை மாற்ற வேண்டும், அன்றைக்கு இவனை முதல் ஆளாகக் கூப்பிட வேண்டும், எதிரி முன்கூட்டியே உள்ளே போய்விட வேண்டும், படியில் சந்திக்கக் கூடாது என்று மூன்றையும் நின்ற நிலையில் சொன்னார். அரசு வக்கீல் நீதிபதி எழுவதற்குள் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பெஞ்ச் கிளார்க் டைரியைப் புரட்டியபடி வாசலுக்கு வந்தார்.

"திங்கக்கிழமை போடலாமா?"

துணிப்பைக்காரர் பையன் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை உனக்குச் சரியா?"

அவன் யோசித்தான். பெரியவர்கள் நாலு பேரும் காத்திருந்தார்கள்.

"திங்கக்கிழமை பி.டி. பீரியடு இருக்கு" என்றான். "செவ்வாக்கிழமை வர்றேன்."

கிளார்க் செவ்வாய்க்கிழமையைக் குறித்துக்கொண்டார்.